ரெண்டு கிலோ புரதம்

இனிமேல் உடம்பைக் கவனித்துக்கொள்வது என்று புள்ளி சார் முடிவு செய்தபோது, வீடு இருக்கிற மூன்றாவது மாடிக்கு இன்னும் பதினொரு படி பாக்கி இருந்தது. நின்றுகொண்டேதான் முடிவு எடுத்தார். உட்கார்ந்து எடுத்திருக்கலாம். ஆனால் உட்கார்ந்துவிட்டால், எழுந்திருக்க இன்னொரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்.

வயது நாற்பத்தொன்பது. லேபிள் அடிக்கிற அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை. ஷாம்பு பாட்டில், மூட்டுவலித் தைலம், பூச்சி மருந்து, பிஸ்கட் பாக்கெட் என்று எதன்மேல் எந்தக் காகிதம் ஒட்டினாலும், அதிலுள்ள எழுத்தை முதலில் படிக்கிறவர் அவர். பெரும்பாலும் கடைசியாகப் படிக்கிறவரும் அவர்தான். பிழை பார்ப்பதே பிழைப்பு. ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விழாமல் போனால் எட்டடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். அதனால்தான் அச்சகத்தில் அவருக்குப் புள்ளி சார் என்று பெயர். பெரிய புள்ளி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெரிதாக இருந்தது வயிறு மட்டும்தான்.

போன வாரம் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "சுகர் எல்லைக்கோட்டுல நிக்குது. ரெண்டு மாசம் தர்றேன். இறக்கிக் காட்டுங்க. இல்லாட்டி மாத்திரை ஆரம்பிச்சிடலாம்" என்று சொல்லியிருந்தார். புள்ளி சார் மாத்திரைக்குப் பயப்படவில்லை. அவருடைய அப்பாவுக்கும் இதே வயதில், இதே எல்லைக்கோட்டில்தான் தொடங்கியது. கோட்டைத் தாண்டியது தெரியாமலே தாண்டி, கடைசி இரண்டு வருஷம் கறுப்புக் கண்ணாடியோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். கண் போனால் புரூஃப் பார்க்கிறவனுக்கு என்ன மிச்சம்? புள்ளியும் போய்விடும், சாரும் போய்விடும்.

அவர் மனைவி ஒரு மருந்துக்கடையில் பதினைந்து வருஷமாக வேலை பார்க்கிறாள். "இனிப்பா? நான் தொடறதே இல்லம்மா" என்று சொல்கிறவரின் சட்டைப்பையிலிருந்து மிட்டாய்த் தாள் எட்டிப் பார்ப்பதை ஒரு நாளைக்கு முப்பது முறை பார்க்கிறவள். ரிப்போர்ட் வந்த அன்றே வீட்டைச் சோதனை போட்டாள். சர்க்கரை டப்பா போயிற்று. ஜாம் போயிற்று. விருந்தாளிக்கு என்று வைத்திருந்த பிஸ்கட்டும் போயிற்று. விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்று புள்ளி சார் கேட்டதற்கு, "நீங்கதான் அந்த விருந்தாளின்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

அச்சக மேஜை டிராயரில் இருந்த சாக்லேட் கட்டி மட்டும் தப்பியது. அதுவும் மூன்று நாள்தான். பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைப் பேண்ட் பையில் போட்டார். பேண்ட் வாஷிங் மெஷினுக்குள் போயிற்று. நாலு வெள்ளைச் சட்டை பழுப்பாக வெளியே வந்தன.

"தொடவே இல்லைன்னு நேத்துதான் சொன்னீங்க" என்றாள் மனைவி, ஒரு சட்டையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"நான் எங்க தொட்டேன்? பேண்ட்தான் தொட்டிருக்கு."

அவள் சட்டையை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். அது திட்டுவதைவிட மோசம். இருபத்து நாலு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவருக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயம் அது.

அந்த நிலைமையில்தான், படியில் நின்று அந்த முடிவை எடுத்தார். மறுநாள் காலையில் விதி அவர் மேஜைக்கே ஒரு தாளை அனுப்பி வைத்தது.

ஏற்கெனவே கடையில் விற்கிற ஒரு பொடிக்குப் புதிய லேபிள். பழுப்பு நிறப் பின்னணி. உருகி வழிகிற சாக்லேட் படம். 'புரதப் பொடி, இரட்டைச் சாக்லேட் சுவை.' புள்ளி சார் எழுத்தெழுத்தாகப் படித்தார். ஒரு கரண்டிக்கு முப்பது கிராம். புரதம் இருபத்து நாலு கிராம். கொழுப்பு இரண்டு. சர்க்கரை ஒன்று. அந்த ஒன்றைப் பார்த்ததும் பத்தோ பதினொன்றோவாக இருக்கும், ஒரு எண் விழுந்துபோயிருக்கும் என்று நினைத்து, வாடிக்கையாளர் கொடுத்த மூலத் தாளை எடுத்து ஒப்பிட்டார். ஒன்றேதான். சாக்லேட்டும் உண்டு, சர்க்கரையும் இல்லை! நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். எத்தனையோ வருஷமாக எத்தனையோ லேபிள் படித்தவருக்கு, ஒரு லேபிள் திரும்பி அவரைப் படித்தது போல் இருந்தது.

சாயங்காலம் இரண்டு கிலோ டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினார்.

"என்னங்க இது, பெயிண்டா?"

"புரதம்."

"விரதம் இருக்கச் சொன்னா புரதம் வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"ஒரு எழுத்துதானே வித்தியாசம்."

"ஒரு எழுத்து மாறினா வேலையே போயிடும்னு நீங்கதான் சொல்வீங்க." டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். "சாக்லேட் படம் போட்டிருக்கு."

"அது சுவைம்மா. வெறும் சுவை. உள்ள இருக்கறது சத்து. புரதம் இருபத்து நாலு கிராம். சர்க்கரை ஒண்ணே ஒண்ணு. நூத்தி இருபது கலோரிதான்."

"கொழுப்பு?"

"ரெண்டு."

"டப்பாவுலயா, உங்ககிட்டயா?"

புள்ளி சார் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "நீ ராத்திரி ரொட்டியை நிறுத்திட்டு இதை ஒரு டம்ளர் குடு. வயிறு நிறையும். சதை வளரும். சுகர் இறங்கும். மாடி வீட்டுப் புஜத்தைப் பாரு, இதைத்தான் குடிக்கிறான்."

புஜம் என்பது மேல்மாடி வீட்டில் இருக்கும் உடற்பயிற்சிக்கூட மாஸ்டர். அவனுடைய நிஜப் பெயர் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. அவன் வாசலைத் தாண்டும்போது முதலில் வந்து சேர்வது அவன் புஜம்தான்.

"அவன் காலையில ரெண்டு மணி நேரம் இரும்பு தூக்கறான். நீங்க காலையில செய்தித்தாளைத் தூக்கறீங்க" என்றாள் மனைவி. "கேளுங்க. உங்க எடைக்கு ஒரு நாளைக்கு எண்பது கிராம் புரதம் இருந்தா தாராளம். அதுல அறுபது சாப்பாட்டுலயே வந்துடுது. மிச்சத்துக்கு ரெண்டு முட்டையும் ஒரு கிண்ணம் பருப்பும் போதும்."

"முட்டையில சாக்லேட் சுவை வருமா?"

"அப்ப சத்துக்காக இல்ல."

"சத்துக்காகத்தான். சுவை... சும்மா கூட வருது."

"தேவைக்கு மேல போனா புரதம்னாலும் உடம்பு கையைக் கட்டிக்கிட்டு நிக்காதுங்க. வேலை குடுக்காட்டி அதையும் தொப்பையாக்கி வெச்சுக்கும். அதோட இதைப் பால், வாழைப்பழம், தேன்னு போட்டு அடிச்சீங்கன்னா நூத்தி இருபது நானூறாயிடும்."

"தண்ணியிலதான் குடிப்பேன்" என்று வீரமாகச் சொன்னார்.

அவள் கொஞ்ச நேரம் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, குடிங்க" என்றாள்.

புள்ளி சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி என்று சொன்னதில்லை. கல்யாணத்துக்கே நாலு மாசம் யோசித்தவள்.

"ஆனா இதுல என்ன போட்டிருக்கோ அதன்படிதான்." அடியில் இருந்த ஒரு பொடி வரியைக் காட்டினாள். 'முறையான உடற்பயிற்சியுடன் மட்டும் பயன்படுத்தவும்.'

அன்று காலை அச்சகத்தில், புதிய லேபிளிலும் இருந்த இதே வரியை இன்னும் கொஞ்சம் சிறிதாக்கினால் கண்ணில் படாதே என்று வடிவமைப்பாளர் கேட்டிருந்தார். சட்டப்படி அதற்கு மேல் சிறிதாக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்று தடுத்தவர் புள்ளி சார்தான்.

முதல் டம்ளரை மறுநாள் சாயங்காலம் குடித்தார். அதற்கு முன் மருந்துக்கடைவரை நடந்து, அங்கிருந்து மனைவியோடு திரும்பி நடந்தார். நாற்பது நிமிஷம். பிறகு கீழேயிருந்து இரண்டு தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார். மூச்சு வாங்கியது. இதெல்லாம் ஒரு சாக்லேட்டுக்காக என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பொடியைத் தண்ணீரில் போட்டு, மூடி போட்ட டம்ளரைக் குலுக்கினார்.  நுரையை ஊதிவிட்டு ஒரு வாய் குடித்தார்.

சுண்ணாம்பு அடித்த சுவரில் யாரோ எப்போதோ சாக்லேட் என்று எழுதி, உடனே அழித்துவிட்டது போல் இருந்தது.

"எப்படிங்க இருக்கு?"

"ம். சத்தா இருக்கு."

"முகம் ஒரு மாதிரி போகுதே."

"சத்து ஏறுதுல்ல."

நாலு நாள் அதைக் குடித்தார். நாலு நாளும் நடந்தார், கேன் தூக்கினார். வியாழக்கிழமை சமையலறையில் இருந்த அலமாரியைக் கூடத்துக்குத் தள்ளச் சொன்னாள். வெள்ளிக்கிழமை அதே அலமாரியைத் திரும்பத் தள்ளச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, "இருபத்து நாலு கிராம் உள்ள போயிருக்கு. சும்மாவா இருக்கும்?" என்றாள். குடிக்க மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. லேபிளைப் பார்த்து வாதாடி ஜெயித்த மனிதர், சுவையைப் பார்த்துத் தோற்றதாக ஆகிவிடும்.

மனிதன் எவ்வளவு களைத்துப்போனாலும் மூளையின் திருட்டு மூலை மட்டும் களைப்பதே இல்லை. சனிக்கிழமை அச்சகத்தில், பிள்ளைகள் பாலில் கலந்து குடிக்கிற சாக்லேட் பொடியின் லேபிள் ஒன்று மேஜைக்கு வந்தது. நூறு கிராமில் சர்க்கரை எழுபது. அந்தப் பொடியின் மாதிரிப் பொட்டலமும் கூடவே இருந்தது. பிரித்துப் பார்த்தார். அதே பழுப்பு! அதே மணம்!

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவிக்குக் கடையில் முறை வேலை. அவள் படியிறங்கிய ஐந்தாவது நிமிஷம் புள்ளி சாரும் இறங்கினார். அரைக் கிலோ பாக்கெட் நாலு வாங்கினார். வீட்டுக்கு வந்து, சமையலறைக் கதவைச் சாத்தி, டப்பாவில் இருந்த புரதத்தை ஒரு துணிப்பையில் கொட்டினார். சாக்லேட் பொடியை டப்பாவில் போட்டு நிரப்பினார். மூன்றாவது பாக்கெட்டைப் பிரிக்கும்போது அப்பாவின் கறுப்புக் கண்ணாடி ஞாபகம் வந்து கை கொஞ்சம் நின்றது. 'ஒரு நாளைக்கு ஒரு டம்ளர்தான். அதுவும் இவ்வளவு நடந்த பிறகு. நடந்ததும் குடித்ததும் கழிந்து போகும்' என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். தனக்கு வேண்டிய விடை வருகிறவரை போட்டார். கை மறுபடி நகர்ந்தது.

துணிப்பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். புஜம் கதவைத் திறந்தான்.

"தம்பி, இது ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவா இருக்கும். நீ வெச்சுக்கோ. எனக்கு ஒத்துக்கல."

"சார்! சும்மாவா?"

"சும்மாதான். ஒரே ஒரு விஷயம். அக்காவுக்குத் தெரிய வேணாம்."

"நான் எதுக்கு சார் சொல்லப்போறேன்?" என்று புஜம் துணிப்பையை ஒரு குழந்தையை வாங்குவது போல் வாங்கிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் குடித்த டம்ளரைப் பற்றி எழுத இந்தப் பக்கம் போதாது. ஒவ்வொரு வாயும் நாக்கில் இறங்கி, தொண்டையில் நின்று நலம் விசாரித்துவிட்டு, வயிற்றுக்குள் போய் விளக்கேற்றியது. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு முகம் நல்லா இருக்கே."

"பழகிடுச்சும்மா. சத்துன்னா அப்படித்தான். முதல்ல முரண்டு பண்ணும், அப்புறம் ஒட்டிக்கும்."

"நல்லதுங்க. அப்படின்னா நடையை அஞ்சு நிமிஷம் கூட்டிக்கலாம்."

கூட்டிக்கொண்டார். எதை வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளத் தயாராக இருந்தார். அந்த ஒரு டம்ளருக்காகப் பகல் முழுக்க வாழ்ந்தார். அச்சகத்தில் கண் எரியும்போது, முதுகு வலிக்கும்போது, பூச்சி மருந்து லேபிளில் 'உட்கொள்ளக் கூடாது' என்பதில் 'கூடாது' விழுந்துபோயிருப்பதைக் கண்டுபிடித்து முதலாளியிடம் சொல்லி, அதற்கும் திட்டு வாங்கும்போது, சாயங்காலம் ஒன்று இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். பொடியை மாற்றிய மறுநாளே டப்பா மூடியின் ஓரத்தில் நாலைந்து எறும்பு ஊர்வதைப் பார்த்தார். விரலால் துடைத்துவிட்டார். அவ்வளவுதான்.

மூன்றாவது வாரத்தில் ஏதோ ஒன்று குறைவது போல் தோன்றியது. இனிப்பு இருந்தது. ஆனால் நேற்றைவிட ஒரு மாத்திரை குறைவு. அடுத்த நாள் இன்னொரு மாத்திரை. கரண்டியைக் குவித்துப் போட்டுப் பார்த்தார். குலுக்காமல் குடித்துப் பார்த்தார். தண்ணீரைக் குறைத்தார். ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். பழைய சுண்ணாம்புச் சுவர் தூரத்தில் லேசாகத் தெரிவது போல் இருந்தது.

புஜத்திடம் போய்க் கேட்டார். "தம்பி, ஒரே பொடியைத் தினமும் குடிச்சா இனிப்பு குறையுமா?"

புஜம் ஒரு கணம் கூரையைப் பார்த்தான். பிறகு பாடம் ஒப்பிப்பது போல் சொன்னான். "நாக்கு முதிர்ச்சி சார்."

"அப்படின்னா?"

"உடற்பயிற்சி செய்யச் செய்ய நாக்குக்கு முதிர்ச்சி வரும். பழைய இனிப்பு பத்தாது. ஆனா கூடுதலா போட்டுறாதீங்க, ஆபத்து."

"எனக்கு உடம்பு முழுக்க முதிர்ச்சிதான் தம்பி. நாக்கு ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கினார்.

ஐந்தாவது வாரம் சுவர் முழுவதுமாகத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதற்குள் அவருக்கு எதிர்த்துக் கேட்கவும் தெம்பில்லை. யாரிடம் கேட்பது? சர்க்கரைப் பொடி ஏன் இனிக்கவில்லை என்று மனைவியிடம் கேட்க முடியுமா? குடித்தார். நடந்தார். கேன் தூக்கினார். அலமாரியை அங்கும் இங்கும் தள்ளினார். இடுப்புப் பட்டையில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. மூன்றாவது மாடிக்கு ஒரே மூச்சில் ஏறியபோது, சர்க்கரை முற்றி உடம்பு உருகுகிறது என்றே நினைத்தார். அப்பாவும் முதலில் இளைத்துத்தான் போனார்.

இரண்டு மாதம் முடிந்தது. ரத்தம் கொடுத்தார். மறுநாள் இருவரும் டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். 

"பிரமாதம். நல்லா இறங்கியிருக்கு. எடை ஏழு கிலோ குறைஞ்சிருக்கு. மாத்திரையே வேணாம்."

புள்ளி சார் காகிதத்தைக் கையில் வாங்கினார். வழக்கப்படி எழுத்தெழுத்தாகப் படித்தார். பெயர் சரி. வயது சரி. எண்ணைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"டாக்டரம்மா, இது தப்பு."

"என்ன தப்பு?"

"அச்சுப்பிழை. இல்லாட்டி வேற யாரோட ரத்தமோ. இது என்னோட ரிப்போர்ட்டா இருக்க முடியாது."

"ஏன் முடியாது? உங்க பேர்தானே?"

"பேர் என்னோடது. எண் என்னோடது இல்ல."  இந்தப் பொய்யான காகிதத்தை நம்பி வீட்டுக்குப் போய், இன்னும் இரண்டு வருஷத்தில் ஜன்னல் பக்கம் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார வேண்டுமா? இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் பிழையைப் பிடித்தவர், சொந்தப் பிழையை மறைத்துக் கண்ணை இழப்பதா? நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மனைவியின் பக்கம் திரும்பாமல் சொல்லிவிட்டார். "நான் ரெண்டு மாசமா தினமும் சர்க்கரைதான் குடிச்சேன். டப்பாவுல இருந்தது புரதம் இல்ல. சாக்லேட் பொடி. நூறு கிராமுக்கு எழுபது. நான்தான் மாத்தி வெச்சேன். மறுபடி ரத்தம் எடுங்க டாக்டரம்மா. நிஜ எண் எவ்வளவோ, எனக்குத் தெரியணும்."

 பக்கத்து நாற்காலியில் இருந்து மனைவி நிதானமாகச் சொன்னாள்.

"ரெண்டு மாசம் இல்லீங்க. முழுசா சர்க்கரை குடிச்சது ஒரே ஒரு நாள்தான்."

புள்ளி சார் மெல்லத் திரும்பினார்.

"நாலு நாளா அந்த டப்பா பக்கம் ஒரு எறும்பு வரல. ஆறாம் நாள் வரிசை கட்டிடுச்சு. நீங்க லேபிளைப் படிப்பீங்க. எறும்பு உள்ள இருக்கறதைப் படிக்கும். மூடியைத் திறந்து நாக்குல வெச்சுப் பாத்தேன். அப்பவே மாடிக்குப் போனேன்."

"புஜம் சொல்லிட்டானா?"

"எங்க சொன்னான்? அக்காவுக்குத் தெரியக் கூடாதுன்னு சார் சொன்னார்க்கா, அதனால எந்தப் பொடியும் எங்கிட்ட இல்லைக்கான்னான்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கக் காகிதத்தை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

"அந்தத் துணிப்பையை வாங்கிட்டு வந்தேன். ஒரேயடியா மாத்தினா கண்டுபிடிச்சிடுவீங்க. அதனால தினமும் டப்பாவுலேருந்து ரெண்டு கரண்டி எடுத்தேன், பையிலேருந்து ரெண்டு கரண்டி போட்டேன். அஞ்சாவது வாரத்துல முழுக்க உங்க புரதமேதான்."

"அப்ப நாக்கு முதிர்ச்சி?"

"அது நான் எழுதிக் குடுத்தது. அந்தத் தம்பி 'முதிர்ச்சி'யைத் தப்பா சொல்லிடுவானோன்னு பயந்துட்டே இருந்தேன்."

புள்ளி சாருக்குக் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. தேடிப் பார்த்தார், வரவில்லை. அலுப்புதான் வந்தது. கூடவே ஏதோ ஒரு பாரம் இறங்கினது போலவும் இருந்தது.

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே, ஏங்க இப்படிப் பண்ணீங்கன்னு?"

"கேட்டா வேற டப்பா கண்டுபிடிப்பீங்க." அவள் கைப்பையின் வாரைச் சரி செய்தாள். குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "எறும்பைப் பாத்தப்ப எனக்குக் கோபம் வரலீங்க. பயம்தான் வந்துச்சு. மாமாவுக்குக் கடைசி ரெண்டு வருஷம் செய்தித்தாள் படிச்சுக் காட்டினது யாரு? நான்தானே. தலைப்பை மட்டும் படிச்சா போதாது, விளம்பரத்தையும் படின்னு கேப்பார். இன்னொரு தடவை என்னால முடியாது."

 புள்ளி சார் மேஜையின் விளிம்பில் கட்டைவிரலால் இல்லாத ஒரு அழுக்கைத் தேய்த்தார். பிறகு, "டப்பாவுலேருந்து எடுத்த சாக்லேட் பொடியெல்லாம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கடைக்குக் கொண்டுபோயிட்டேன். சாயங்காலம் எல்லாரும் பால்ல போட்டுக் குடிச்சோம்."

"நீயுமா?"

"எனக்குத்தான் சுகர் இல்லையே."

அந்த நேரத்தில் அவளுக்குக் கடையிலிருந்து போன் வந்தது. பேசுவதற்காக வெளியே போனாள். கதவு சாத்தியதும் புள்ளி சார் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.

"டாக்டரம்மா, நான் உண்மையைச் சொல்லிட்டேன். ரிப்போர்ட்டும் நல்லா இருக்கு. வாரத்துக்கு ஒரு துண்டு. ஒரே ஒரு சின்னத் துண்டு சாக்லேட். நீங்க வாயால சொன்னா எங்க வீட்டுல செல்லாது. எழுத்துல வேணும்."

டாக்டரம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "நல்ல ரிப்போர்ட்டைத் தப்புன்னு சண்டை போட்ட நோயாளியை நான் இப்பதான் முதல் தடவை பாக்கறேன். சரி, எழுதித் தர்றேன்" என்று சிரித்துக்கொண்டே சீட்டை இழுத்து, மூன்று வரி விறுவிறுவென்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

புள்ளி சார் அந்தச் சீட்டை ஒரு பட்டயத்தைப் போல் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மனைவி வராந்தாவில் போனைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா. டாக்டரம்மாவே எழுதிக் குடுத்தது. கையெழுத்தோட" என்று நீட்டினார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"என்ன போட்டிருக்கு?"

"படிக்கறதுதானே உங்க தொழில். நீங்களே படிங்க."

வாங்கிப் பார்த்தார். மூன்று வரி. மழை விட்டதும் மூன்று மண்புழு தனித்தனியாகத் தரையைக் கடந்து போனது போல் இருந்தது. கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தார். இருபத்தாறு வருஷ அனுபவத்தில் ஒரே ஒரு எழுத்தைக்கூட அதில் பிடிக்க முடியவில்லை. புள்ளி எது, கோடு எது என்றே தெரியவில்லை.

அவள் சீட்டைத் திரும்ப வாங்கி, பதினைந்து வருஷப் பழக்கத்தில் சரளமாகப் படித்தாள். "தினமும் நடை, அம்பது நிமிஷம். ஞாயித்துக்கிழமையும் உண்டு. மூணாவது வரி... தண்ணி நிறைய குடிக்கணும்."

"சாக்லேட்டுன்னு எங்கயும் இல்ல?"

"சாக்லேட்டுன்னு ஒரு மருந்து இருந்தா எனக்குத் தெரியாதாங்க?"

சந்தேகம் அவரை இரவெல்லாம் அரித்தது. இரண்டாவது வரியின் நடுவில் ஒரு சுழி இருந்தது. அது 'சா'வாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மறுநாள் காலையில் மனைவி குளிக்கப் போனபோது அவள் கைப்பையிலிருந்து சீட்டை எடுத்துச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். சாயங்காலம் அச்சகத்திலிருந்து சீக்கிரமே கிளம்பி, மனைவியின் கடைப் பக்கம் போகாமல் எதிர்த் திசையில் நடந்தார். நாலு தெரு தாண்டி ஒரு மருந்துக்கடை இருந்தது. அந்தப் பக்கம் அவர் வந்ததே இல்லை. யாருக்கும் அவரைத் தெரியாது.

கல்லாவில் இருந்த மனிதரிடம் சீட்டைக் கொடுத்தார். "மருந்து எதுவும் வேணாம்ங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் படிச்சுச் சொல்லுங்க, போதும்."

அந்த மனிதர் சீட்டைப் பார்த்தார். புள்ளி சாரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியே சார் வந்துட்டாரு."